பனியன் கம்பெனியில் தொழிலாளர்களைப் பேச வைப்பது எப்படி? புதிதாக எச்.ஆர். வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர்ப் பக்கம் ஏற்றுமதி யூனிட் ஒன்றில் எச்.ஆர். ஆகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே முதலாளி கூப்பிட்டு, "நம்ம ஆளுங்க எதையும் வாய் திறந்து சொல்றதில்லை. வேலையை விட்டுப் போன அப்புறம்தான் காரணம் தெரியுது. ஏதாவது பண்ணுங்க" என்கிறார். நீங்களும் உற்சாகமாக ஆலோசனைப் பெட்டி ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கக் கிளம்புகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பெட்டி அநேகமாக ஏற்கெனவே இருக்கும். பையர் ஆடிட்டுக்காக (துணி வாங்கும் கம்பெனி நடத்தும் சோதனைக்காக) என்றோ மாட்டியது. எங்கள் யூனிட்டில் இருந்த பெட்டிக்குச் சாவி யாரிடம் என்றே தெரியாமல், திருப்புளியால் நெம்பித்தான் திறந்தோம். உள்ளே இரண்டு பஸ் டிக்கெட், ஒரு மிட்டாய் உறை, கொஞ்சம் நூல் கழிவு.

சொல்ல விஷயம் இல்லாமல் ஆட்கள் சும்மா இருப்பதில்லை. டீ நேரத்தில் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள், ஊர்ப்பட்ட விஷயம் பேசுவார்கள். முன்பு ஒருமுறை சொன்னதற்குப் பதில் வரவில்லை, அல்லது திட்டு கிடைத்தது. அதனால் நம்மிடம் சொல்வதில்லை. எனவே பதில் சொல்லும் ஏற்பாட்டை முதலில் செய்யுங்கள், கேட்கும் ஏற்பாடு அப்புறம். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். 50 முதல் 200 பேர் வரை உள்ள யூனிட்டுக்கு இது பொருந்தும்.

1. முதலாளியிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்

வாய்வார்த்தை போதாது. கம்பெனி லெட்டர்ஹெட்டில், தமிழில், கையெழுத்தோடு ஒரு பக்கம் வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்.

ஒன்று, பணம். யாரிடமும் கேட்காமல் நீங்களே மாதம் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற வரம்பு. 5,000 ரூபாய் என்றாலும் பரவாயில்லை. உடைந்த பக்கெட்டுக்கும் எரியாத ட்யூப் லைட்டுக்கும் மூன்று கையெழுத்து வாங்க வேண்டியிருந்தால் இந்த வேலை முதல் மாதத்திலேயே படுத்துவிடும்.

இரண்டு, நேரம். வாரம் ஒருமுறை லைனை, அதாவது தையல் மிஷின் வரிசையை, நிறுத்தி 10 நிமிடம் பேசப்போகிறீர்கள். 120 பேர் என்றால் வாரத்துக்கு 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேர உழைப்பு. முதலாளி இந்தக் கணக்கைக் கட்டாயம் போடுவார், அதனால் நீங்களே முந்திக்கொண்டு போட்டுக் காட்டுங்கள். கூடவே, போன மாதம் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வந்த பீஸ்களுக்கு எத்தனை மணி நேரம் போனது என்பதையும் எடுத்து வையுங்கள். அப்புறம் பேச்சு சுலபம். இந்த 10 நிமிடத்துக்குச் சம்பளம் உண்டு என்று கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். ஷிப்ட் சம்பளக்காரர்களுக்கு இது பிரச்சினை இல்லை. தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லருக்கோ மிஷின் நின்ற ஒவ்வொரு நிமிடமும் சொந்தக் காசு. அவருக்கு ஈடு கொடுக்காமல் கூட்டம் போட்டால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், வாய் திறக்க மாட்டார்.

மூன்று, உறுதி. குறை சொன்னதற்காக யாரையும் லைன் மாற்றுவதோ, ஓவர்டைம் கொடுக்காமல் விடுவதோ, வேலையை விட்டு நிறுத்துவதோ கிடையாது. இதோடு இன்னொரு வரி கண்டிப்பாகச் சேருங்கள்: தொழிலாளி சொன்ன யோசனையால் உற்பத்தி கூடினால் அதைக் காட்டிப் பீஸ் ரேட்டைக் குறைக்க மாட்டோம். இது இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண். "வேகமா தைக்க வழி சொன்னா ரேட்டைக் குறைச்சிடுவாங்க" என்பது பவர் டேபிளில் (தையல் மிஷினில்) உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். அவர்கள் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை.

கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள் இருந்தால் இந்தி, ஒடியா பிரதியும் வேண்டும். மொழிபெயர்க்க வெளியாள் தேட வேண்டியதில்லை, லைனிலேயே இரண்டு மொழியும் தெரிந்தவர் இருப்பார். அவருக்கு அரை நாள் சம்பளம் கொடுத்து எழுதி வாங்குங்கள். எழுதியதை அதே ஊர்க்காரர் இன்னொருவரிடம் வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பதும் அவசியம்.

2. கேட்பதற்கு முன் மூன்று குறைகளைச் சரிசெய்யுங்கள்

எந்த யூனிட்டிலும் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் தொடாத குறைகள் சில இருக்கும். பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. அயர்னிங் பகுதியில் ஃபேன் சுற்றாது. குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் டம்ளர் இருக்காது. ஒரு நாள் சும்மா நடந்தாலே பட்டியல் கிடைத்துவிடும். அதில் சின்னதாக மூன்றை எடுத்து, அறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள். தாழ்ப்பாள் 100 ரூபாய்க்குள் வேலை. இதைச் செய்துவிட்டுப் போய் "வேற என்ன குறை?" என்று கேட்டால் பதில் வரும். தாழ்ப்பாள் இல்லாத கதவை அப்படியே விட்டுவிட்டு "உங்கள் கருத்தை வரவேற்கிறோம்" என்று போஸ்டர் ஒட்டினால் சிரிப்புத்தான் வரும்.

3. சட்டப்படி வேண்டிய குழுக்களைப் போட்டுவிடுங்கள்

இதைத் தள்ளிப்போட வேண்டாம். குறை சொல்பவருக்குப் பிடிமானம் இதுதான். ஆடிட்டிலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி 20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர் உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில், மொத்தம் 10 பேருக்கு மிகாமல் இருக்க வேண்டும். தலைவர் பதவி ஆண்டுக்கு ஒருமுறை இரு தரப்புக்கும் மாறி மாறிப் போகும். மொத்தத் தொழிலாளரில் பெண்கள் எத்தனை பங்கோ, குழுவிலும் அதற்குக் குறையாமல் பெண்கள் வேண்டும். செக்கிங், கைமடிப்பு, பேக்கிங் எல்லாம் பெண்கள் என்றால் குழுவிலும் அவர்களே அதிகம் வருவார்கள், வரட்டும். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் தொழிலாளி மனு கொடுக்கலாம். மனு வந்த 30 நாளுக்குள் குழு முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் அவர் சங்கத்தின் மூலம் சமரச அலுவலரிடம் போகலாம்.

இங்கே உஷாராக இருங்கள். கன்சல்டன்டுகள் பென் டிரைவில் வைத்துக்கொண்டு சுற்றும் பழைய ஃபார்மெட்டில் 6 உறுப்பினர், 45 நாள் என்று இருக்கும். அது பழைய தொழிற்தகராறுச் சட்டத்தின் கணக்கு. பெயரை மட்டும் மாற்றி ஒட்டிக் கொடுப்பார்கள், வாங்கி அப்படியே ஃபைலில் போடாதீர்கள்.

100 பேரோ அதற்கு மேலோ இருந்து, அரசும் உத்தரவிட்டால், இரு தரப்பும் சேர்ந்து உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டியும் அமைக்க வேண்டியிருக்கும். உங்கள் யூனிட் அதற்குள் வருகிறதா என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இவை எதோடும் சேர்க்கக்கூடாத ஒன்று, பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் வேலை செய்தாலே இது கட்டாயம். போடாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். தலைவர் கம்பெனியிலேயே மூத்த பொறுப்பில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரோ இந்த விவகாரம் தெரிந்தவரோ ஒருவர். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டித்துத் தரலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். வெளி உறுப்பினர் கிடைப்பதுதான் இழுக்கும். தேடுவது, சம்மதக் கடிதம் வாங்குவது, அவர் வரக்கூடிய நாளைப் பிடிப்பது எல்லாமாகச் சில வாரம் ஓடிவிடும். எனவே பட்டியலில் முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை இது.

இந்த வகைப் புகார் தப்பித்தவறி ஆலோசனைப் பெட்டியில் விழுந்தால் பொதுப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள், லைன் கூட்டத்தில் பேச்சே எடுக்காதீர்கள். உறையில் போட்டு ஒட்டி, நேராகக் குழுத் தலைவரிடம் கொடுங்கள். பெயரையோ விவரத்தையோ வெளியே விடுவது சட்டப்படியே குற்றம்.

ஃபைலில் இருக்க வேண்டியவை: குழு அமைப்பு ஆணை, ஒவ்வொரு உறுப்பினரின் சம்மதக் கடிதம், தேர்வு நடந்ததற்கான நோட்டீஸ், கூட்டக் குறிப்பு, வருகைக் கையெழுத்து.

குறைதீர்ப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதியைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும். சூப்பர்வைசரை அந்தப் பட்டியலில் செருகாதீர்கள். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரவே மாட்டார். நடக்காத கூட்டத்துக்குக் குறிப்பு எழுதும் பழக்கம் ஊரில் இருக்கிறது. ஆறு மாதக் கூட்டத்துக்கும் ஒரே பேனா, ஒரே மையில் கையெழுத்து இருக்கும். ஆடிட்டர்கள் அதைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்புறம் தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க கமிட்டி மெம்பர் யாருங்க?" என்று கேட்பார்கள். அங்கே கதை முடிந்தது.

4. சூப்பர்வைசர்களோடு தனியாக உட்காருங்கள்

என் பார்வையில் இந்த வேலை மொத்தமும் தேறுவதும் கெடுவதும் இங்கேதான். டெய்லர் எச்.ஆரிடம் குறை சொன்னால் தன் மேல் கோள் சொன்னதாகத்தான் லைன் சூப்பர்வைசர் எடுத்துக்கொள்வார். மறுநாள் அந்த டெய்லருக்குக் கஷ்டமான ஆபரேஷன் போகும். யாரும் எதையும் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்த லைனில் அதோடு பேச்சு நின்றுவிடும்.

சூப்பர்வைசருக்கும் மேலிருந்து டார்கெட் நெருக்கடி இருக்கிறது. அவரை வில்லனாக்கி ஒன்றும் சாதிக்க முடியாது. சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு ஒரு மணி நேரம் எல்லா சூப்பர்வைசரையும் உட்காரவைத்து முதலில் அவர்களுடைய குறைகளைக் கேளுங்கள். கட்டிங்கிலிருந்து பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) தாமதமாக வருகிறது, மெக்கானிக் கூப்பிட்டால் வருவதில்லை என்று அவர்களிடமும் பட்டியல் இருக்கும். அதில் ஒன்றிரண்டைத் தீர்த்துக் கொடுங்கள். பிறகு இரண்டு விதிகளைச் சொல்லுங்கள். லைனிலிருந்து குறை வந்தால் அந்த லைன் சூப்பர்வைசருக்குக் கெட்ட பெயர் இல்லை. மூன்று மாதமாக ஒரு குறையும் வராத லைனைத்தான் நாங்கள் சந்தேகமாகப் பார்ப்போம். இதை முதலாளி தன் வாயால் சொல்வது நல்லது. நாம் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

5. வாரம் ஒருமுறை, 10 நிமிடம், லைனிலேயே

கான்ஃபரன்ஸ் ஹாலுக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஏ.சி. அறையில் டெய்லர்கள் கைகட்டி நிற்பார்கள். மிஷின் பக்கத்திலேயே, காலை ஷிப்ட் ஆரம்பிக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி, ஓவர்டைமும் சேர்ந்து ஒன்றரை ஷிப்ட் முடியும் நேரத்தில் யாருக்கும் நிற்கவே தெம்பு இருக்காது. ஷிப்மென்ட் வாரத்தில் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி அழுத்தம் வரும். 10 நிமிடத்தை 5 ஆக்குங்கள், ரத்து மட்டும் செய்யாதீர்கள்.

"ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்றுதான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: "நேத்து எந்த பீஸ் உங்களை அதிக நேரம் பிடிச்சு வச்சுது?" "எந்தப் பொருளுக்காக எழுந்து நடக்க வேண்டி வந்துச்சு?" அப்படிக் கேட்டபோதுதான் எங்கள் லைனில் பண்டில் தூக்கும் ஹெல்பர் அக்கா ஒருவர் வாய் திறந்தார். ஃப்ளீஸ் துணியில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி நிற்பதில்லை, வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது, டெய்லர்கள் கைக்கு வந்த முன்பக்கத்தோடு கைக்கு வந்த பின்பக்கத்தைச் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள், அதுதான் ஒரே பீஸில் ஷேட் (நிறம்) மாறிப்போகக் காரணம் என்றார். செக்கிங்கில் அதுவரை டையிங் மேல்தான் பழி போய்க்கொண்டிருந்தது. லே நம்பர் (எந்த அடுக்கில் வெட்டிய துணி என்ற எண்), சைஸ் எழுதிய கார்டைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, பண்டிலைக் கட்டும் துணிப்பட்டி முடிச்சிலேயே கோத்துவிடலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். கவருக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். அந்த அக்கா அந்தத் தளத்திலேயே குறைந்த சம்பளக்காரர். அவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை.

கூட்டத்தில் பேசத் தயங்குபவர்களுக்காக, 25 அல்லது 30 பேருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். திண்டுக்கல்லில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஆடை ஏற்றுமதி கம்பெனியும் 2022இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இதுபோன்ற ஏற்பாடு இருந்தது. பாலியல் தொல்லையையும் வன்முறையையும் தடுப்பதற்காகத் தளத்திலேயே தொழிலாளர்களைக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அந்த அளவுக்கு நம்மால் முடியாவிட்டாலும், பக்கத்து மிஷின்காரரிடம் சொல்வது ஆபீஸ் கதவைத் தட்டுவதைவிடச் சுலபம் என்ற அடிப்படை நமக்கும் உதவும்.

6. பெட்டியும் போனும்

இப்போது பெட்டி மாட்டலாம். சிசிடிவி பார்வைக்கு வெளியே மாட்டுங்கள். பல இடங்களில் கேமராவுக்கு நேர் கீழே மாட்டிவிட்டு "ரகசியம் காக்கப்படும்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்று குடிதண்ணீர் இருக்கும் இடத்தில், இன்னொன்று பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில். பூட்டு இரண்டு, சாவியும் இரண்டு: ஒன்று உங்களிடம், மற்றது தொழிலாளர் பிரதிநிதியிடம். இருவரும் சேர்ந்து வாரம் ஒரு குறிப்பிட்ட கிழமையில் திறக்க வேண்டும். பதிவேட்டில் தேதி, வரிசை எண், விஷயம், பதில், முடித்த தேதி என்ற ஐந்து கட்டம் போதும். பெயர் கட்டம் வேண்டாம். சீட்டு எதுவும் இல்லாத வாரத்திலும் "இல்லை" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

எழுதத் தெரியாதவர்களுக்கும் தமிழ் தெரியாதவர்களுக்கும் பெட்டி உதவாது. தனியாக ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். ஒடியாவிலோ இந்தியிலோ பேசினாலும் சரி. எல்லோரையும் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் மட்டும் தொடங்காதீர்கள். பெண்களின் நம்பர் மொத்தக் கம்பெனிக்கும் தெரிந்துவிடும், வேண்டாத போன் வரும். குரூப்பில் சூப்பர்வைசரும் இருந்தால் குட்மார்னிங் படத்தைத் தவிர வேறொன்றும் வராது.

"யார் எழுதினது இது?" என்று மேலே யாராவது கேட்பார்கள், கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கவும் முயற்சி நடக்கும். சீட்டைக் காட்டாதீர்கள். நீங்கள் டைப் செய்த விஷயத்தை மட்டும் கொடுங்கள்.

7. பதில் பலகை

நோட்டீஸ் போர்டில் ஒரு ஓரம் கிடைத்தாலும் போதும், ஆனால் தனியாக ஒரு வெள்ளைப் பலகை இருந்தால் நல்லது. டைம் ஆபீஸ் பக்கம், பஞ்ச் வைக்கும் இடத்தில் மாட்டுங்கள். எல்லோரும் தினமும் நிற்கும் இடம் அது. சொன்னது, பதில், எப்போது முடியும் என்று மூன்று கட்டம். இரண்டு வேலை நாளுக்குள் விஷயம் பலகையில் ஏற வேண்டும், ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒரு பதில் இருக்க வேண்டும்.

"முடியாது" என்பதும் பதில்தான். காரணத்தோடு சொல்லுங்கள். "ஹாஸ்டல் பஸ் இன்னொரு டிரிப் கேட்டீர்கள். இந்த சீசனில் முடியாது, டீசல் செலவு கூடுகிறது. ஜூனில் மறுபடி பார்ப்போம்" என்று எழுதினால் முணுமுணுப்பு வரும், ஆனால் அடுத்த சீட்டும் வரும். "பரிசீலனையில் உள்ளது" என்ற சொல்லைப் பலகைப் பக்கமே விடாதீர்கள்.

தனிப்பட்ட விஷயங்கள் பலகைக்கு வரக்கூடாது. சம்பள அட்வான்ஸ், பி.எஃப். கணக்கில் பெயர் தப்பு, இன்னார் திட்டினார் என்பதையெல்லாம் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு நேரில் முடியுங்கள், அல்லது குறைதீர்ப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. விவகாரம்தான் முதல் மாதத்தில் குவியும் என்பதால் கணக்குப் பிரிவு ஆளை முன்கூட்டியே தயார்படுத்தி வைப்பது நல்லது.

8. பரிசு

பெரிய பரிசு வேண்டாம். "இந்த ஆண்டின் சிறந்த யோசனைக்கு 10,000 ரூபாய்" என்றால் ஒருவருக்குச் சந்தோஷம், மற்றவர்களுக்குப் பொறாமை. அதோடு யார் யோசனை முதலில் என்ற சண்டையும் வரும். நடைமுறைக்கு வந்த ஒவ்வொரு யோசனைக்கும் 100 அல்லது 200 ரூபாய், அந்த வாரச் சம்பளக் கவரோடு, சீட்டில் காரணம் எழுதிக் கொடுங்கள். கும்பலாகச் சேர்ந்து சொன்னதா? லைனுக்கே டீ, வடை. வவுச்சரில் கையெழுத்து வாங்கி ஃபைலில் வையுங்கள். பெயரை அறிவிப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் வேண்டாம் என்பார்கள்.

குறை சொன்னதற்குப் பரிசு கிடையாது, தீர்வுதான் அதற்குப் பதில்.

9. பேசியவரைக் கவனித்துக்கொண்டே இருங்கள்

கூட்டத்தில் பேசியவர், மனு கொடுத்தவர், பிரதிநிதி ஆகியோரின் வருகை, ஓவர்டைம், லைன் மாற்றம் மூன்றையும் அடுத்த மூன்று மாதத்துக்கு மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் உங்கள் அலமாரிக்குள்ளேயே இருக்கட்டும். திடீரென்று ஒருவருக்கு மட்டும் ஓவர்டைம் நின்றிருந்தால் சூப்பர்வைசரை அன்றைக்கே கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதே வாரம் திருப்பிக் கொடுக்க வையுங்கள். முதலாளி கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதம் இதற்குத்தான்.

கால அளவு என்று பார்த்தால், கடிதத்துக்கும் மூன்று குறைகளுக்கும் இரண்டு வாரம், குழுக்களுக்கு ஒன்று முதல் இரண்டு மாதம். லைன் கூட்டத்தை மூன்றாவது வாரமே தொடங்கிவிடலாம். முதல் மாதம் ஃபேன், தண்ணீர், கழிவறை என்றே வரும். வேலை முறையைப் பற்றிய யோசனைகள் மூன்றாவது மாதத்துக்கு முன்னால் வருவது அபூர்வம். முதலாளியிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் "ஃபேன் கேட்கத்தான் இவ்வளவு ஏற்பாடா?" என்பார்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வர மாட்டார்கள். அதில் உங்கள் குழு உறுப்பினர்களும் லைன் பிரதிநிதிகளும் இருப்பார்கள். வேலை மறுபடி தொடங்கும் வாரத்திலேயே காலியான இடங்களுக்குத் தேர்வு நடத்தி, பெட்டிச் சாவியைப் புதியவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்து, புதிய பெயர்களைப் பழைய நோட்டீஸின் மேல் ஒட்டாமல் அதைக் கிழித்துவிட்டு ஒட்டுங்கள்.